வெடித்த அக்ரிலிக் சம்ப்புக்குச் சிலிக்கோன் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் வீட்டில் பெரிய மீன்தொட்டி வைத்திருப்போர் பலர், தொட்டியின் கீழே அலுமாரிக்குள் அக்ரிலிக் (பெர்ஸ்பெக்ஸ்) சம்ப் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் இதற்குள் இறங்கி, பஞ்சையும் வடிகட்டிக் கற்களையும் கடந்து, மோட்டரால் திரும்ப மேலே ஏறுகிறது. இந்தச் சம்ப் வெடித்து ஒழுகத் தொடங்கினால் கடையில் முதலில் எடுத்துத் தருவது சிலிக்கோன் டியூப்தான். பூசிய கொஞ்ச நாளில் அதே இடம் மறுபடி ஒழுகும். அதே அலுமாரியின் அடித்தட்டில் 230 வோல்ட் மல்டி பிளக்கும் கிடப்பதால் இதைச் சில்லறை விடயமாக விட முடியாது. அக்ரிலிக்கை முறையாகத் திருத்தலாம். பெரிய செலவும் இல்லை, பொறுமைதான் வேண்டும். அந்த முறையை வாசகர்கள் அறியும்படி பிரசுரித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சிலிக்கோன் கண்ணாடியோடு இறுகப் பிணையும். அக்ரிலிக்கின் மேல் அது வெறுமனே படிந்துதான் இருக்கும். காய்ந்த பிறகு ஒரு முனையை நகத்தால் கிளப்பி இழுத்துப் பாருங்கள், முழு நீளமும் உரிந்து கையோடு வரும். கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்றை விட்டுச் செல்வது இன்னும் மோசம். பின்னர் சரியான கம்மைப் போட்டாலும் அந்த இடத்தில் பிடிக்காது. ஏற்கெனவே சிலிக்கோன் பூசியிருந்தால் பிளாஸ்டிக் அலகால் முழுதாகச் சுரண்டி எடுக்காமல் வேறு எதையும் தொடங்க வேண்டாம். சுப்பர் குளூ கல்லாக இறுகி, சுவர் சற்று வளைந்தவுடன் உடையும். குழாய்க்குப் போடும் பிவிசி கம் பிவிசிக்கென்றே செய்யப்பட்டது. இங்கே படகு திருத்தும் இடங்களில் பைபர் பிசின் தாராளமாகக் கிடைப்பதால் அதைப் பூசிப் பார்ப்பவர்களும் உண்டு. அதிலுள்ள ஸ்டைரீன் அக்ரிலிக்கைத் தாக்கும். முழுதாக இறுகாத பிசினிலிருந்து தண்ணீரிலும் கசியும். மீன் இருக்கும் தொட்டிக்கு அது வேண்டாம்.

அக்ரிலிக் மூட்டு ஒட்டுவதால் வருவதல்ல. கரைப்பான் இரண்டு முகங்களையும் மெல்லக் கரைத்து, இரண்டும் கலந்து, கரைப்பான் ஆவியாகிப் போனபின் ஒரே பிளாஸ்டிக்காக நிற்கிறது. திருத்த வேலை முழுவதும் இதை வைத்துத்தான். முகங்கள் சுத்தமாக, காய்ந்து, ஒன்றோடொன்று பொருந்தி இருந்தால் மூட்டு பிடிக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பிடிக்காது.

ஒழுக்கைக் கண்டவுடன் கையைத் தண்ணீருக்குள் விடக்கூடாது. சுவர் சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். தரை ஈரமென்றால் வீட்டின் ட்ரிப் சுவிட்சையே இறக்கிவிடுங்கள். மோட்டர் நின்றதும் மேல் தொட்டியில் வழிவு விளிம்புக்கு மேல் நின்ற தண்ணீர் எல்லாம் சம்ப்புக்குள் இறங்கி மட்டம் உயரும். அதுவரை கசிந்த வெடிப்பு அப்போது ஊற்றத் தொடங்கலாம். அதனால் வாளியும் குழாயும் பக்கத்தில் இருக்க வேண்டும், உடனே சம்ப் தண்ணீரை உறிஞ்சி இறக்க வேண்டும். கடல்மீன் தொட்டித் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். லீற்றருக்கு 35 கிராம் உப்பென்றால் 100 லீற்றரில் மூன்றரைக் கிலோ உப்பு இருக்கிறது. நமது மணல் நிலத்தில் அது நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும்.

வடிகட்டிக் கற்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடவிடுங்கள். அழுக்கைத் தின்னும் பக்டீரியா அந்தக் கற்களில்தான் வாழ்கிறது. குளோரினும் காற்றில்லாத தேங்கலும் அதைக் கொன்றுவிடும். மேல் தொட்டிக்கும் ஏர் பம்ப் போட்டு, முதல் நாள் தீனி போடாமல், பிறகும் பாதியாகக் குறையுங்கள். வேலை ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். அதுவரை உணவுக்குப் பாவிக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி தற்காலிகச் சம்ப்பாக நிற்கலாம். மீன் வாடிகளிலிருந்து வரும் பழைய ரெஜிபோம் பெட்டி வேண்டாம். அதன் சுவரில் ஊறிய எண்ணெயைக் கழுவி எடுக்க முடியாது.

இனி வெடிப்பைப் பார்க்க வேண்டும். வெறுமையான சம்ப்பைத் துடைத்து, இருட்டறையில் டோர்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் உண்மையான வெடிப்பு ஒரே வெள்ளிக் கோடாக மினுங்கும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். நகத்தில் தட்டாமல், விளிம்பு நெடுக நெருக்கமாகத் தெரியும் மயிர்க்கோடுகள் வேறு. அது தகட்டுக்குள் இருக்கும் இறுக்கத்தாலோ, அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், தின்னர், ஸ்பிரிட் பட்டதாலோ வந்தது. இவ்வகைக் கோடுகள் மூட்டு நெடுகப் பரவியிருந்தால் திருத்தத்தில் காசைப் போடாதீர்கள், ஒன்றை அடைக்க அடுத்தது திறக்கும். 3 மில்லிமீற்றர் தகட்டில் செய்த சம்ப், இரண்டு மூலைகளில் விட்டுப்போனது, வெடிப்பு சுவரின் நீளத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டியது ஆகியவற்றுக்கும் எங்கள் பதில் புதிது செய்வதே. அடித்தட்டு வெடித்தால் சிறு துண்டு போதாது. உள்ளே முழு அளவில் இன்னொரு தட்டு இறக்க வேண்டும், அதற்காகத் தடுப்புகளைக் கழற்றவும் வேண்டியிருக்கும். உள் தடுப்பு மட்டும் மூட்டு விட்டிருந்தால் அவசரமில்லை. தண்ணீர் வெளியே போகாது, ஓடும் வழிதான் மாறும்.

திருத்தலாம் என்று தீர்மானித்தால் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். கடல்நீர்ச் சம்ப்பில் வெடிப்புக்குள் உப்பு படிந்திருக்கும். அது இருக்கும்வரை இரு முகங்களும் சேரா. சுண்ணாம்புப் படிவு இருந்தால் ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவலாம். கடைசியாகப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விட்டுக் கழுவி, அதுவும் போக அலச வேண்டும். துடைப்பதற்கு ஸ்பிரிட் வேண்டாம்.

பிறகு காய விடுங்கள். பெரும்பாலானோர் அவசரப்படுவது இங்கேதான். தொடர்ந்து தண்ணீரில் கிடந்த அக்ரிலிக் தன் எடையில் ஏறக்குறைய 2 வீதம் வரை தண்ணீரை உள்ளே இழுத்து வைத்திருக்கும். மேற்பரப்பைத் துடைத்தால் காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த நிலையில் கம் போட்டால் மூட்டு பால் போல் வெளுத்துப் பலமிழக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலில் மின்விசிறி போட்டு மூன்று, நான்கு நாட்கள் போதும். ஒக்டோபருக்குப் பின் வாடை மழை பிடித்தால் ஒரு கிழமைகூட வைக்க நேரிடும். மழை பெய்துகொண்டிருக்கும்போது கம் போடவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது முகம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். கச்சானில் எதிர்ச் சிக்கல்: நடுப்பகலில் கம் உள்ளே இறங்கமுன் ஆவியாகிவிடும். காலை ஏழு, எட்டு மணிக்குள் வேலையை முடியுங்கள்.

தகட்டின் நடுவே ஓடும் வெடிப்புக்கு முதல் வேலை, அதன் முனையில் 3 மில்லிமீற்றர் துளை போடுவது. வெடிப்பின் கூர்முனையில்தான் முழு இழுவிசையும் குவிகிறது. முனை வட்டத் துளையாக மாறினால் விசை பரவி வெடிப்பு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியும் முனைக்கு 1 மில்லிமீற்றர் அப்பால் துளையின் மையம் இருக்கட்டும், ஏனெனில் உண்மையான முனை எப்போதும் கண்ணுக்குத் தெரிவதற்குச் சற்று முன்னால் இருக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி, பின்னால் பலகை வைத்து, மெதுவான சுற்றில், அழுத்தாமல் துளையுங்கள். இரும்புக்குப் பாவிக்கும் புதுக் கூர் பிட் அக்ரிலிக்கைக் கடித்துப் பிளக்கும். அதன் வெட்டு விளிம்பை சாணைக்கல்லில் இரண்டு தரம் தேய்த்து மழுக்கினால் சுரண்டிக்கொண்டு இறங்கும்.

அடுத்தது கம். அக்ரிலிக் கம் இரண்டு வகை. தண்ணீர் போன்றது, ஊசியால் விட்டால் இடுக்குக்குள் தானே ஓடும். வெல்ட்-ஒன் 4 அந்த வகை. பாணிப் பதத்திலுள்ள தடித்தது இடைவெளி நிரப்பும். வெல்ட்-ஒன் 16 அந்த வகை. தடித்தது கிடைக்காவிட்டால், மெல்லியதில் 100 மில்லிலீற்றருக்குச் சுத்தமான, நிறமற்ற அக்ரிலிக் சீவலை 10 கிராம் போட்டு, மூடிய கண்ணாடிப் போத்தலில் ஓரிரவு வைத்தால் பாணிப் பதம் வரும். ரெஜிபோம் கோப்பையில் ஊற்றினால் கோப்பையே கரையும். பார்மசியில் வாங்கும் சிரிஞ்சின் கறுப்பு ரப்பரும் சில நிமிடங்களில் ஊதி இறுகிவிடும்; 2 மில்லிலீற்றர் மட்டும் எடுத்து, முடிந்ததும் வீசிவிடுங்கள். ஊசி 23 அல்லது 25 கேஜ் போதும்.

இந்தக் கம்களில் பெரும்பாலும் இருப்பது டைகுளோரோமீதேன். உடலுக்குள் போனால் ஒரு பகுதி காபன் மொனொக்சைட்டாக மாறும். புற்றுநோய் ஆபத்தும் உள்ளதென வகைப்படுத்தப்பட்டது. இதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் மூடிய அறையின் தரையில் தேங்கும். சாதாரண நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், துணி முகக்கவசம் எதையும் தடுக்காது. விறாந்தையிலோ முற்றத்திலோ, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, பிள்ளைகளை விலக்கி வைத்து வேலை செய்யுங்கள். கையில் பட்டால் கையுறையை உடனே மாற்றுங்கள். பக்கத்தில் சிகரெட்டோ அடுப்போ கூடாது. சுடரில் இந்த ஆவி பொஸ்ஜீன் நஞ்சாக மாறும். விளம்பரப் பலகை செய்யும் சில இடங்களில் குளோரோபோர்ம் கொண்டு ஒட்டுவார்கள். அது ஒட்டும், ஆனாலும் வீட்டு வேலைக்கு அதை வாங்க வேண்டாம்.

ஒட்டுத்துண்டு சம்ப்பின் சுவர் தடிப்பிலேயே இருக்கட்டும். 6 மில்லிமீற்றர் சுவருக்கு 6 மில்லிமீற்றர் துண்டு. வெடிப்பின் எல்லாப் பக்கமும் 40 மில்லிமீற்றர் தாண்ட வேண்டும். நான்கு மூலைகளையும் 10 மில்லிமீற்றர் ஆரத்தில் வட்டமாக்க வேண்டும், கூர் மூலை அடுத்த வெடிப்புக்கு வழி. கடையில் வார்ப்புத் தகடு கேளுங்கள். உருளையில் இழுத்துச் செய்த மலிவுத் தகடு கம் பட்டவுடன் கோடு விடும். லேசரில் வெட்டித் தந்தால் விளிம்பு பளபளப்பாக இருக்கும், ஆனால் அதற்குள் சூட்டு இறுக்கம் இருக்கிறது. சுற்றிலும் 1 மில்லிமீற்றரைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒட்டும் முகத்தில் அரத்தாள் போட வேண்டாம். கீறல்களுக்குள் காற்று சிக்கிக் குமிழியாகும்.

துண்டை உட்பக்கம் ஒட்டுவதே சரி. 60 சென்ரிமீற்றர் நீளச் சுவரில் தண்ணீர் 30 சென்ரிமீற்றர் நின்றால் மொத்தத் தள்ளு ஏறக்குறைய 27 கிலோ. துண்டு உள்ளே இருந்தால் அந்தத் தள்ளு அதைச் சுவரோடு அமுக்கும், வெளியே இருந்தால் உரிக்கும். வெடித்த சுவர் கீழே படுக்கும்படி சம்ப்பைச் சாய்த்து வையுங்கள். வெடிப்பைக் கையால் நெருக்கிப் பிடிக்காமல், மெல்லிய கம்மை ஊசியால் ஓடவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். இறுக்கத்தில் இருக்கும் வெடிப்பில் கம் பட்டால் முனை மறுபடி ஓடும், அதனால்தான் துளை முதலில் வருகிறது. துளையைத் தடித்த கம்மால் நிரப்புங்கள். 10 க்கு 15 சென்ரிமீற்றர் துண்டுக்கு 6 முதல் 8 மில்லிலீற்றர் தடித்த கம் போதும். அதைத் துண்டின் நடுவே நீளவாக்கில் ஒரே கோடாக ஊற்றி, ஒரு விளிம்பை முதலில் வைத்து, மற்றப் பக்கத்தை மெதுவாகச் சாய்த்து இறக்குங்கள். கம் ஓரங்களை நோக்கி விரியும்போது காற்றையும் தள்ளிக்கொண்டு போவது தெரியும். குமிழி நின்றால் தூக்கிப் பார்க்காமல் விரலால் ஓரத்துக்கு நகர்த்துங்கள். தூக்கினால் இரண்டு மடங்காக வரும். மேலே ஒரு கிலோ எடை போதும், அதிகம் வைத்தால் கம் முழுதும் பிதுங்கி வெளியேறும்.

மூலை மூட்டு விட்டுப்போயிருந்தால் முறை வேறு. மூட்டு முன்போல் நெருங்கிப் பொருந்தினால் மெல்லிய கம் மட்டுமே வேண்டும். ஊசி முனையை மூட்டோடு வைத்து மெல்ல நகர்த்தினால் வெள்ளியாகத் தெரிந்த இடுக்கு, கம் ஓட ஓட, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தெளிவாகிக்கொண்டு வரும். வெள்ளியாகவே நிற்கும் இடத்தில் கம் போகவில்லை, மறுபக்கமிருந்து விடுங்கள். இடைவெளி கடதாசித் தடிப்பை விட அதிகமென்றால் மெல்லிய கம் ஓடிப் போய்விடும். அப்போது 10 மில்லிமீற்றர் சதுர அக்ரிலிக் கம்பியை உள் மூலை நெடுகத் தடித்த கம்மில் பதித்தால் இரண்டு சுவர்களையும் புது முகத்தில் பிடிக்கும். வெளித் தோற்றம் அழகாக இராது, ஆனால் மூல மூட்டை விடப் பலமாக நிற்கும்.

ஒட்டியதை 24 மணி நேரம் அசைக்க வேண்டாம். மூட்டு என்றால் மூன்று நாள், அகலமான துண்டு என்றால் ஐந்து முதல் ஏழு நாள் கழித்தே தண்ணீர் விடுங்கள். இரண்டு தகடுகளின் நடுவே சிக்கிய கரைப்பான் ஓரங்களால் மட்டுமே வெளியேற முடியும். மூக்கை வைத்தால் இனிப்பு வாசம் வரும்வரை மீன்களுக்கு அது ஆகாது.

சோதனையை அலுமாரிக்குள் செய்யாதீர்கள். வெளியே ரசமட்டம் பார்த்த தரையில், மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஒரு மணி நேரம், இன்னொரு பங்கு நிரப்பி ஒரு மணி நேரம், பிறகு முழுதாக 48 மணி நேரம். மேலே பொலித்தீன் மூடுங்கள். மூடாவிட்டால் நமது வெயிலில் ஆவியாகும் தண்ணீரையும் ஒழுக்கையும் பிரித்தறிய முடியாது. துண்டைச் சுற்றிலும் டிஷூத் தாளை ஒட்டிவைத்தால் மிகச் சிறிய கசிவும் காட்டிக்கொடுக்கும். ஒரு நேர்விளிம்பைச் சுவரில் வைத்து நடுப்புடைப்பையும் அளந்து பாருங்கள். 6 மில்லிமீற்றர் சுவர் 3 மில்லிமீற்றருக்கு மேல் புடைத்தால் மேல்விளிம்பில் குறுக்கே 50 மில்லிமீற்றர் அகலப் பட்டி ஒன்று போடாமல் பாவிக்க வேண்டாம். சோதித்த தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை நிரப்பிக் கொட்டிய பிறகே தொட்டியோடு இணைக்கலாம்.

வெடிப்பு எதனால் வந்தது என்பதைத் திருத்தாவிட்டால் இத்தனையும் வீண். பல்க்ஹெட் (குழாயைச் சுவர்த் துளையில் பொருத்தும் நட்டு இணைப்பு) துளையோரத்தில் தொடங்கியிருந்தால் இரண்டைப் பாருங்கள். துளையின் ஓரம் சிதைந்திருந்தால் 220, 400, 600 அரத்தாளால் மென்மையாக்குங்கள். ரப்பர் வளையம் தலைப்பக்கத்தில் இருக்க வேண்டும், நட்டின் பக்கமல்ல. கையால் இறுக்கி அதன்மேல் கால் சுற்று, அவ்வளவுதான். ஒழுகுகிறதென்று ஸ்பானரால் முறுக்குவதே பல வெடிப்புகளுக்குக் காரணம். குழாயின் பாரத்தைப் பல்க்ஹெட்டில் தொங்கவிடாமல் அலுமாரியில் கிளிப் அடித்துத் தாங்குங்கள். மோட்டரின் கீழே பஞ்சும், அதற்கும் குழாய்க்கும் இடையே ஒரு சாண் மென்குழாயும் அதிர்வைக் கடத்தாது. சம்ப்பின் அடித்தட்டு முழுதும் சமமாகப் படிய வேண்டும். அலுமாரிப் பலகை ஈரத்தில் ஊதியிருந்தால் மாற்றி, மேலே மெல்லிய ரெஜிபோம் தாள் விரியுங்கள்.

மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். 120 க்கு 45 சென்ரிமீற்றர் தொட்டியில் மட்டம் 2 சென்ரிமீற்றர் இறங்கினால் ஏறக்குறைய 11 லீற்றர் சம்ப்புக்கு வரும். குழாய்களில் நின்றதும் அதோடு சேரும். சம்ப்பில் 15 லீற்றருக்காவது வெறும் இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டிலும் சுவர் தன் அளவுக்கு மேல் புடைத்துத் திரும்பும். ஏறு குழாயில், மேல் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் அதன் வாய்க்கு மேலே, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக ஒரு சிறு துளை போட்டால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து பின்னோட்டம் நின்றுவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்காமல் மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள்.

மீன்தொட்டிக் கடைக்காரர்களிடமும் பெர்ஸ்பெக்ஸ் விற்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அக்ரிலிக் சம்ப்புக்கென்று கேட்டு வருபவருக்குச் சிலிக்கோன் கொடுத்து அனுப்பாதீர்கள். வெட்டி மிஞ்சும் 5, 6 மில்லிமீற்றர் வார்ப்புத் துண்டுகளைத் தடிப்பு எழுதி, சிறு விலைக்கு விற்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு கையகலத் துண்டு போதும், முழுத் தகடு யாருக்கும் தேவையில்லை. கம்மைப் பெரிய கலனிலிருந்து சோடாப் போத்தல்களில் ஊற்றி, பெயரில்லாமல் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். உள்ளே என்ன இருக்கிறது, திறந்த வெளியில் பாவிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்ற மூன்று வரிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டிய கண்ணாடிப் போத்தலில் கொடுங்கள்.

இங்ஙனம்,
மீன்தொட்டிப் பராமரிப்பில் ஈடுபடும் வாசகர்கள் சிலர்,
திருகோணமலை.